அப்பாவுக்குப் பல்ஸ் 46 காட்டுகிறது. பீட்டா பிளாக்கர் மாத்திரையை நிறுத்தலாமா?

செல்வி (கோவில்பட்டி) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 67 வயது. அரசு பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். போன ஆடியில் ஹார்ட் அட்டாக் வந்து, ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின், ராமிப்ரில், மெட்டோபுரோலால் சக்சினேட் 50 (இதுதான் அந்த பீட்டா பிளாக்கர்) சாப்பிடுகிறார். சுகருக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும். எக்கோ ரிப்போர்ட்டில் இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 38 சதவீதம் என்று போட்டிருக்கிறது, அது குறைவாம்.

தீபாவளி வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. வீட்டு பிபி மெஷினில் பல்ஸ் 60, 62 என்றுதான் காட்டும். பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் 50க்குக் கீழே இறங்கிவிட்டது. நேற்றுக் காலை 46. பிபி 108/66. கட்டிலை விட்டு எழுந்தால் தலை சுற்றுகிறது என்கிறார். முன்பெல்லாம் காலையில் பால் வாங்கப் போனால் நாலு பேரிடம் பேசிவிட்டு வெயில் ஏறித்தான் வருவார். இப்போது தெருமுனை வரை போனாலே திண்ணை தேடுகிறார்.

யாரோ அவருக்கு வாட்ஸ்அப்பில், பீட்டா பிளாக்கர் இதயத்தை மெதுவாக்கும் மருந்து என்று ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டார். "ஏற்கெனவே ஹார்ட்டு வீக்குன்னு சொல்லிட்டு, அதை இன்னும் மெதுவா ஓட வைக்க மாத்திரையா? பிரேக்ல காலை வச்சுக்கிட்டே வண்டி ஓட்டினா இன்ஜின் என்னத்துக்கு ஆகும்?" என்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள். மருந்து விஷயத்தில் டாக்டர் சொன்னதைத் தவிர ஒன்றும் தெரியாது.

அடுத்த செக்கப் மூன்று வாரம் கழித்துத்தான். இந்த மாத்திரை இதயத்தை உண்மையில் என்ன செய்கிறது? அதுவரை நிறுத்தி வைக்கலாமா? யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முருகேசன் (சாத்தூர்):

நானும் பிரஷருக்கு அட்டெனலால் என்ற பீட்டா பிளாக்கர் பல வருஷம் சாப்பிட்டவன்தான். கை கால் எல்லாம் ஜில்லென்று இருக்கும், ராத்திரி கண்டபடி கனவு வரும். ஒருநாள் தூக்கிப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. உப்பைக் குறைத்து நடைப்பயிற்சி போனாலே போதும் தங்கச்சி. இங்கிலீஷ் மருந்துக்கு அடிமையாக வேண்டாம்.

மல்லிகா சிஸ்டர் (மதுரை):

முருகேசன் அண்ணே, உங்கள் கதை வேறு, செல்வி அப்பா கதை வேறு. உங்களுக்கு வெறும் பிரஷர். பிரஷருக்கு மட்டும் என்றால் பீட்டா பிளாக்கரை முதல் மருந்தாகக் கொடுக்கத் தேவையில்லை என்று பிரிட்டனில் 2006லேயே வழிகாட்டியை மாற்றிவிட்டார்கள். இவர் அட்டாக் வந்து இ.எஃப். 38இல் நிற்கிறவர். இவரிடம் போய் "தூக்கிப் போடு" என்று சொல்லாதீர்கள்.

செல்வி, முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் பல்ஸ் 46, கூடவே தலைச்சுற்றல் என்றால் மூன்று வாரம் காத்திருக்கவும் வேண்டாம். நாளைக்கே ஒரு இசிஜி எடுத்து, இதய டாக்டரிடம் காட்டிவிடுங்கள். நேரில் போக முடியாவிட்டால் போனிலாவது பேசுங்கள். நடுவில் மயங்கி விழுந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ நாளை வரைகூட வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள்.

நான் டாக்டர் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் இதய ஐசியூவில் ரொம்ப காலம் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஸ்டாஃப் நர்ஸ். இந்த மாத்திரையைக் கையால் எடுத்துக் கொடுத்து, மானிட்டரில் பல்ஸ் இறங்குவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள். அந்த உரிமையில் பேசுகிறேன்.

அப்பா கேட்டது டிரைவர் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பெடலை மாற்றிச் சொல்லிவிட்டார். இதயத்துக்கு பிரேக் என்பது வேகஸ் நரம்பு. ஆக்சிலேட்டர் என்பது சிம்பதெடிக் நரம்புகளும் ரத்தத்தில் வரும் அட்ரினலினும். பீட்டா பிளாக்கர் பிரேக்கைத் தொடுவதே இல்லை. ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டிருக்கும் காலை எடுத்துவிடுகிறது. அவரிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள், புரியும்.

உள்ளே நடப்பது இதுதான். துடிப்பைக் கிளப்பும் சைனஸ் கணுவிலும் இதயத் தசையிலும் பீட்டா 1 என்ற ஏற்பிகள் இருக்கின்றன. அட்ரினலின் அங்கே ஒட்டினால் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூதுப் பொருள் கூடும், கால்சியம் அதிகமாக உள்ளே வரும், தசை வேகமாகவும் ஓங்கியும் சுருங்கும். மெட்டோபுரோலால் முந்திப் போய் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் துடிப்பு குறையும். மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் போகும் வேகம் குறையும். ஒவ்வொரு சுருக்கத்தின் பலமும் கொஞ்சம் குறையும். சிறுநீரகத்திலும் இதே ஏற்பி இருப்பதால் பிரஷரை ஏற்றும் ரெனின் என்ற பொருளின் சுரப்பு குறைந்து பிரஷரும் இறங்கும்.

"குறைத்து என்ன லாபம்?" என்று கேட்பார். இங்கேதான் விஷயமே இருக்கிறது. இதயம் உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்புகிறது, ஆனால் அதன் இடது கீழறைத் தசைக்கு ரத்தம் கிடைப்பது பெரும்பாலும் அது சுருங்கும்போது இல்லை, தளரும்போது. சுருங்கும் நேரத்தில் தசையே தன் ரத்தக் குழாய்களை நசுக்கிக்கொள்கிறது. நிமிடத்துக்கு 60 துடித்தால் ஒரு துடிப்புக்கு ஒரு வினாடி, அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சுருக்கம், மிச்சம் தளர்வு. 100 துடித்தால் ஒரு துடிப்புக்கு 0.6 வினாடிதான். சுருக்கும் நேரம் பெரிதாகக் குறையாது, தளரும் நேரம்தான் அடிவாங்கும். அதாவது வேகமாகத் துடிக்கத் துடிக்க வேலை கூடுகிறது, சாப்பாடு குறைகிறது. அடைப்பு வந்த இதயத்துக்கு இது ஆகாது. கணக்கு எழுதுகிறவர் என்பதால் சொல்கிறேன்: 72 துடித்தால் ஒரு நாளைக்கு 1,03,680 துடிப்பு. 60 துடித்தால் 86,400. பதினேழாயிரத்துக்கு மேல் மிச்சம், ஒவ்வொரு நாளும்.

இப்படி யோசித்த முதல் ஆள் ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அந்தக் காலத்தில் நெஞ்சுவலி என்றால் இதயத்துக்கு ரத்தத்தைக் கூட்ட வழி தேடினார்கள். இவர், ஆக்சிஜனைக் கூட்ட முடியாவிட்டால் தேவையைக் குறைப்போம் என்று கிளம்பினார். 1960களில் புரோப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கர் அப்படித்தான் வந்தது. 1988இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

அடுத்து, பலவீனமான இதயத்துக்கு ஏன்? உங்கள் அப்பா சொல்கிறதையேதான் எங்கள் பாடப் புத்தகமும் சொன்னது. நான் ட்ரெய்னிங்கில் இருந்தபோது, ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிக்கு பீட்டா பிளாக்கர் கூடவே கூடாது என்றுதான் பாடம். பரீட்சையில் மாற்றி எழுதினால் மார்க் போயிருக்கும். ஆனால் ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரில் ஃபின் வாக்ஸ்டைன் என்ற டாக்டரும் கூட இருந்தவர்களும் 1975லேயே இதயத் தசை நலிந்த ஏழு பேருக்குக் கொடுத்துப் பார்த்து, தேறினார்கள் என்று எழுதிவிட்டார்கள். யாரும் எளிதில் நம்பவில்லை. 1999இல்தான் இரண்டு பெரிய ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்றில் பிசோபுரோலால், இன்னொன்றில் உங்கள் அப்பா சாப்பிடும் அதே மெட்டோபுரோலால் சக்சினேட். இரண்டிலுமே சாவு 34 சதவீதம் குறைந்தது. அதற்குப் பிறகு எங்கள் வார்டில் கேஸ் ஷீட் எழுதுகிற முறையே மாறிப் போனது.

காரணம் இது. இதயம் போதுமான ரத்தம் அனுப்பாதபோது உடம்பு பயந்துபோய் அட்ரினலினைக் கொட்டுகிறது. ஒரு மணி நேரத்துக்கு அது உயிர் காக்கும். மாதக் கணக்கில் கொட்டினால் தசைச் செல்கள் செத்துப்போகும், அறை வீங்கும், தாறுமாறான துடிப்பு வந்து திடீரென்று நின்றுபோகும். மாத்திரை அந்தக் கொட்டுதலிலிருந்து காக்கிறது. சில மாதத்தில் இ.எஃப். ஏறியதை நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆரம்ப வாரங்களில் அசதி கூடுதலாகத்தான் இருக்கும். அதனால்தான் சின்ன டோஸில் ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போல மெல்ல ஏற்றுவார்கள்.

திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும்? நாள்பட சாப்பிடும்போது, தன்னை மூடி வைத்துவிட்டார்கள் என்று இதயம் ஏற்பிகளை அதிகமாக முளைக்க வைத்துக்கொள்ளும். மருந்து விலகியதும் அத்தனை ஏற்பிகளிலும் அட்ரினலின் போய் ஒட்டும். பல்ஸ் எகிறும், நெஞ்சுவலி வரும், சிலருக்கு அட்டாக்கே வந்திருக்கிறது. நிறுத்துவதானால் டாக்டர் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்.

சரி, இவ்வளவு சொன்ன பிறகும் எனக்கு ஒன்று இடிக்கிறது. ஆடியிலிருந்து அதே 50 மி.கி. தீபாவளிக்கு 62. பொங்கலுக்குப் பிறகு 46. மாத்திரை மாறவில்லை, பல்ஸ் மாறியிருக்கிறது. அப்படியென்றால் நடுவில் ஏதோ புதிதாகச் சேர்ந்திருக்கிறது. என்ன அது? பிரஷருக்கு டில்டியாசெம், வெராபமில் எதுவும் சேர்த்தார்களா? மனச்சோர்வுக்கு ஃப்ளுவாக்சடின், பராக்சடின்? படர்தாமரைக்கு டெர்பினாஃபைன்? இந்தக் கடைசி மூன்றும் கல்லீரலில் மெட்டோபுரோலாலைக் கரைக்கும் நொதியை மந்தமாக்கும், 50 மாத்திரை 100 போல வேலை செய்யும். மாத்திரை மட்டும் இல்லை. களிம்பு, சொட்டு மருந்து, லேகியம், எதையும் விடாமல் எழுதுங்கள். தைராய்டும் பொட்டாசியமும் எப்போது பார்த்தார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

அப்புறம், மெஷினை மட்டும் நம்ப வேண்டாம். நடுவில் கூடுதல் துடிப்பு வந்தால் அது தப்பாக எண்ணும். கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, கடிகாரம் பார்த்து, முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்குகிற வேலை வேண்டாம்.

விக்னேஷ் (பெங்களூரு):

சிஸ்டர் சொன்னது நல்ல விளக்கம். ஆனால் ஒரு சந்தேகம். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு பீட்டா பிளாக்கர் தேவையே இல்லை என்று புது ஆய்வுகள் சொல்வதாகப் படித்தேன். 2024இல் ஸ்வீடனில் ஒன்று, 2025இல் ஸ்பெயினும் இத்தாலியும் சேர்ந்து ஒன்று. இன்னும் பழைய பழக்கத்திலேயே எழுதிக்கொடுக்கிறார்களோ என்று தோன்றுகிறது. என் மாமாவுக்கு அவர் டாக்டர் போன மாதம்தான் நிறுத்தினார்.

செல்வி:

சிஸ்டர், ரொம்ப நன்றி. அப்பாவிடம் ஆக்சிலேட்டர் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ இத்தனை நாளா யாரு மிதிச்சுக்கிட்டு இருந்தது?" என்று கேட்டார். இன்று காலை மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார், அது போதும்.

கையால் எண்ணினேன், 47 வந்தது. மெஷின் தப்பில்லை. இன்று சாயங்காலம் இசிஜி எடுக்கப் போகிறோம்.

நீங்கள் கேட்ட மாத்திரைகள் எதுவும் இல்லை. லேகியமும் இல்லை. தைராய்டு போன ஆடியில் நார்மல். கண்ணுக்கு மட்டும் சொட்டு மருந்து போடுகிறார். பொங்கலுக்குப் பிறகு கண்ணாடி மாற்றப் போனபோது கண்ணில் பிரஷர் அதிகம் என்று கொடுத்தார்கள். காலை, இரவு, இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு. கண் டாக்டர் கேட்டபோது அப்பா "பிரஷர் மாத்திரை சாப்பிடுறேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பாட்டிலில் பொடி எழுத்தில் பிரிமோனிடின், டைமலால் என்று இருக்கிறது. இதையெல்லாம் சேர்த்துச் சொல்லணுமா?

மல்லிகா சிஸ்டர்:

சொல்லணுமாவா! நான் தேடினதே அதுதான் செல்வி.

டைமலால் ஒரு பீட்டா பிளாக்கர். உங்கள் அப்பா வாயால் ஒன்று, கண்ணால் ஒன்று என்று இரண்டு பீட்டா பிளாக்கர் எடுத்துக்கொண்டிருக்கிறார். கூட இருக்கும் பிரிமோனிடினும் வயதானவர்களுக்கு அசதியையும் பிபி இறக்கத்தையும் கொடுக்கக்கூடியதுதான்.

ஒரு சொட்டு என்ன செய்துவிடும் என்று எல்லோரும் கேட்பார்கள். அரை சதவீத மருந்தில் ஒரு சொட்டுக்கு ஏறக்குறைய கால் மில்லிகிராம் டைமலால் இருக்கும். மாத்திரையோடு பார்த்தால் துளியூண்டுதான். ஆனால் போகிற வழியைப் பாருங்கள். கண்ணில் விட்டது மூக்கோரக் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கி, அங்கிருந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது. மாத்திரை என்றால் முதலில் கல்லீரலைத் தாண்ட வேண்டும், அங்கேயே பாதி போய்விடும். சொட்டுக்கு அந்தத் தடை இல்லை. அதோடு டைமலாலையும் மெட்டோபுரோலாலையும் கரைப்பது ஒரே நொதி. இரண்டும் ஒரே வாசலில் காத்துக் கிடக்கும்.

டைமலால் சாதாரண மருந்து இல்லை என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1981இல் நார்வேயில் அட்டாக் வந்து பிழைத்த 1,884 பேரை வைத்துச் செய்த ஒரு ஆய்வு வெளிவந்தது. அட்டாக்குக்குப் பிறகு பீட்டா பிளாக்கர் உயிர் காக்கும் என்று உலகமே நம்பியதற்கு அதுவும் ஒரு பெரிய காரணம். அதில் கொடுத்த மாத்திரை எது தெரியுமா? இதே டைமலால்தான். இப்போது கண் மருந்தாகவே எல்லோருக்கும் தெரிகிறது, அதனால் இதயத்தை யாரும் யோசிப்பதில்லை. இன்னொன்று, மெட்டோபுரோலால் பெரும்பாலும் இதயத்து பீட்டா 1ஐத்தான் பிடிக்கும். டைமலாலுக்கு அந்தப் பாகுபாடு கிடையாது, மூச்சுக்குழாயில் உள்ள பீட்டா 2ஐயும் பிடிக்கும். ஆஸ்துமாக்காரருக்கு இந்தச் சொட்டு விட்டு, மூச்சிரைப்போடு எங்களிடம் வந்த கேஸ் உண்டு.

இப்போது அவசரப்பட்டுச் சொட்டையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். கண் பிரஷர் கூடி நரம்பு செத்தால் போன பார்வை திரும்பாது. இசிஜியோடு அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போங்கள், இதய டாக்டரிடம் காட்டுங்கள். கண் டாக்டருக்கும் இன்றே போன் செய்யுங்கள். பீட்டா பிளாக்கர் இல்லாத சொட்டுகள் இருக்கின்றன, மாற்றுவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. எந்தச் சொட்டாக இருந்தாலும், விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் மெதுவாக இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். மருந்து மூக்குக்குள் இறங்குவது நன்றாகக் குறையும். வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

கிளிமிபிரைடு சாப்பிடுகிறார் என்றீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். சுகர் தாழ்ந்தால் சாதாரணமாகப் படபடப்பும் கை நடுக்கமும் வந்து காட்டிக்கொடுக்கும். பீட்டா பிளாக்கர் அந்த இரண்டையும் மறைத்துவிடும். வியர்வையை மறைக்காது. காரணமில்லாமல் சட்டை நனைய வியர்த்தால் முதலில் சுகரைக் குத்திப் பாருங்கள். அந்தத் தலைச்சுற்றல் நேரத்திலும் ஒருமுறை பாருங்கள்.

விக்னேஷ் தம்பி, நீங்கள் படித்தது பொய் இல்லை. ஆனால் யாரை வைத்து ஆய்வு செய்தார்கள் என்ற வரியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். ஸ்வீடன் ஆய்வில் இருந்தவர்கள் இ.எஃப். 50ம் அதற்கு மேலும் உள்ளவர்கள். ஸ்பெயின், இத்தாலி ஆய்வில் 40க்கு மேல். அங்கே மாத்திரையால் பலன் தெரியவில்லை, சரி. அதே 2025இல் நார்வேயும் டென்மார்க்கும் சேர்ந்து செய்ததில் கொஞ்சம் பலன் தெரிந்தது, குறிப்பாக இன்னொரு அட்டாக் வருவது குறைந்தது. 2024இல் பிரான்சில், ஏற்கெனவே வருஷக் கணக்கில் சாப்பிட்டு வந்தவர்களிடம் நிறுத்திப் பார்த்தார்கள். நிறுத்துவது தொடர்வதற்குச் சமமான பாதுகாப்பு என்று அதில் காட்ட முடியவில்லை. நிறுத்தியவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தது அதிகம். ஆக, இதயம் நன்றாக இயங்குகிறவர்கள் விஷயத்தில் டாக்டர்களுக்குள்ளேயே பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் மாமா அந்தக் கூட்டம் என்று நினைக்கிறேன். செல்வி அப்பா 38. அவரைப் போன்றவர்களுக்கு இந்த மருந்து வேண்டும் என்பதில் சர்ச்சையே இல்லை. என்னைக் கேட்டால், எக்கோ ரிப்போர்ட்டில் அந்த ஒரு எண்ணைப் பார்க்காமல் "வேண்டும்", "வேண்டாம்" என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது.

முருகேசன்:

சிஸ்டர், நான் அட்டெனலாலைத் தூக்கிப் போட்டதற்கும் சேர்த்துத் திட்டுவீர்கள் என்று நினைத்தேன். தப்பித்தேன். இப்போது என் பிரஷர் 150/90. என்ன செய்ய?

மல்லிகா சிஸ்டர்:

டாக்டரிடம் போய் வேறு மாத்திரை வாங்குங்கள் அண்ணே. 150ஐ வைத்துக்கொண்டு இங்கே வந்து மற்றவருக்கு வைத்தியம் சொல்கிறீர்களே.

செல்வி:

போய்வந்ததைச் சொல்கிறேன், வேறு யாருக்காவது பயன்படும். இசிஜியில், மின்சாரம் முழுவதுமாகத் தடைபடும் முழு பிளாக் எதுவும் இல்லை. பி.ஆர். இடைவெளி, அதாவது மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் போக ஆகும் நேரம், கொஞ்சம் நீண்டிருக்கிறது என்றார் இதய டாக்டர். சொட்டு மருந்துப் பாட்டிலைக் காட்டியதும் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை யாரும் என்கிட்ட சொல்லலையே" என்று சீட்டிலேயே பெரிய எழுத்தில் டைமலால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். பொட்டாசியம், தைராய்டு, கிரியாட்டினின் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது. கண் டாக்டர் இரவில் ஒரே ஒரு சொட்டு விடுகிற மாதிரி லட்டனோபுரோஸ்டுக்கு மாற்றிவிட்டார். கண் பிரஷரைத் திரும்பப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்.

பல்ஸ் இப்போது 56, 58 வருகிறது. எழுந்தால் தலை சுற்றுவது இல்லை. ஆனால் மாடிப்படி ஏறும்போது முன்பு போல வேகம் இல்லை என்று குறை சொல்கிறார். அது மாத்திரையால்தான், எவ்வளவு ஏறினாலும் பல்ஸ் முன்பு போல ஏறாது, பல்ஸ் கணக்குப் பார்த்து நடக்க வேண்டாம், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும் என்றார் டாக்டர். அப்பாவுக்கு அது ஒத்துப்போகும், பேச்சுக்குக் குறைவே இல்லை.

ஒரு சந்தேகம் மட்டும். பழைய சொட்டு உடம்பை விட்டுப் போகும் வரை ஒரு வாரம் மெட்டோபுரோலால் 25 போதும், பிறகு 50க்கே திரும்பணும் என்று எழுதியிருக்கிறார். வீட்டில் 50 அட்டைகள் நிறைய இருக்கின்றன. பாதியாக உடைத்துக் கொடுக்கலாமா? நாளெல்லாம் மெல்ல வேலை செய்கிற மாத்திரையை உடைக்கக் கூடாது என்று கேள்விப்பட்டேன்.

பாண்டியன் (மருந்துக்கடை, விருதுநகர்):

மாத்திரையின் நடுவில் கோடு போட்டிருக்கிறதா பாருங்கள். சக்சினேட் மாத்திரைகளில் நிறைய பிராண்டில் இருக்கும். அதற்குள் சின்னச் சின்ன உருண்டைகளாக மருந்தை வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பூச்சு கொடுத்திருப்பார்கள், அதனால் கோட்டில் சரியாக உடைத்தால் பாதிப்பு இல்லை. பொடித்துக் கொடுப்பது, மென்று சாப்பிடுவது இரண்டும் கூடாது. உருண்டை நொறுங்கி மருந்து மொத்தமாக இறங்கிவிடும். எல்லாக் கம்பெனியும் ஒரே முறையில் செய்வதில்லை, கோடு இல்லாத மாத்திரை என்றால் உடைக்க வேண்டாம், 25ஆகவே வாங்கிக்கொள்ளுங்கள், விலை அப்படி ஒன்றும் அதிகம் இல்லை. வாங்கும்போது அட்டையில் சக்சினேட் என்று இருக்கிறதா என்று படியுங்கள். டார்ட்ரேட் என்று இன்னொன்று உண்டு. அதுவும் மெட்டோபுரோலால்தான், ஆனால் சீக்கிரம் இறங்கிவிடும், சாதாரணமாக நாளைக்கு இரண்டு வேளை கொடுப்பார்கள். அவசரத்தில் கடைப் பையன் மாற்றி எடுத்துக் கொடுத்துவிட வாய்ப்பு இருக்கிறது.

செல்வி:

கோடு இருக்கிறது அண்ணா. அட்டையிலும் சக்சினேட் என்றுதான் போட்டிருக்கிறது. நன்றி.